ஓஎஸ் மாத்தப் போறீங்களா? எக்ஸ்டர்னல் ட்ரைவ்ல இருக்குற ஃபைல்ஸை பத்திரமா நகர்த்துறது எப்படி

விண்டோஸ் 10-க்கான வழக்கமான சப்போர்ட்டை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஓட நிறுத்திட்டாங்க. அதுக்கப்புறம் நல்லா ஓடிட்டு இருக்குற லேப்டாப்பை தூக்கிப் போட மனசில்லாம அதுலயே லினக்ஸ் போட்டுப் பாக்குறவங்க நிறைய, மேக் வாங்குறவங்களும் இருக்காங்க, மேக்ல இருந்து விண்டோஸுக்கு திரும்பி வர்றவங்களும் இருக்காங்க. ஓஎஸ் (விண்டோஸ், மேக், லினக்ஸ் மாதிரி கம்ப்யூட்டரை ஓட்டுற அடிப்படை சாஃப்ட்வேர்) இன்ஸ்டால் பண்றது இப்பல்லாம் பெரிய வேலையே இல்ல, அது கேக்குற நாலு கேள்விக்கு பதில் சொன்னா மீதியை அதுவே பாத்துக்கும். நிஜமான பயம் எல்லாம் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் மேலதான். குழந்தைங்க போட்டோ, கல்யாண வீடியோ, சர்டிஃபிகேட் ஸ்கேன், வேலை ஃபைல்ஸ்னு வருஷக் கணக்கா சேத்தது மொத்தமும் அதுலதான் கிடக்கும், இது புது ஓஎஸ்ல தெரியுமா, தெரியலன்னா என்ன பண்றது, ஃபார்மட் பண்ணணுமா, பண்ணா எல்லாம் போயிடுமேன்னு ஒரே குழப்பம். கம்ப்யூட்டர் பத்தி பெருசா தெரியாதவங்களுக்கும் புரியுற மாதிரி அடியில இருந்து சொல்றேன்.

எல்லாத்துக்கும் முன்னாடி ஒரு எச்சரிக்கை, ஏன்னா பாதி பேரோட ஃபைல்ஸ் போறது இந்த ஒரு இடத்துலதான். மேக்லயோ லினக்ஸ்லயோ யூஸ் பண்ண ட்ரைவை விண்டோஸ் கம்ப்யூட்டர்ல சொருகினா, "இந்த டிஸ்க்கை யூஸ் பண்றதுக்கு முன்னாடி ஃபார்மட் பண்ணணும், பண்ணவா?"ன்னு ஒரு பெட்டி வரும். கேன்சல் குடுங்க. மேக்ல அதே மாதிரி "நீங்க சொருகின டிஸ்க்கை இந்த கம்ப்யூட்டரால படிக்க முடியல"ன்னு வந்து இனிஷியலைஸ், இக்னோர், இஜெக்ட்னு மூணு பட்டன் காட்டும், அதுல இனிஷியலைஸ் பக்கமே போகாதீங்க, இஜெக்ட் குடுத்து கழட்டிடுங்க. இந்த மெசேஜ் வந்ததுக்கு ட்ரைவ் கெட்டுப்போச்சுன்னோ காலியா இருக்குன்னோ அர்த்தம் இல்ல, உள்ள எல்லாம் அப்படியே இருக்கலாம், இந்த ஓஎஸ்ஸுக்கு அதைப் படிக்கத் தெரியல, அவ்வளவுதான். ஆனா ஃபார்மட்டை அமுக்கிட்டா நிஜமாவே காலியாயிடும். ரெக்கவரி சாஃப்ட்வேர் போட்டு எடுக்கலாம்னாலும் ஃபைல் பேரு, ஃபோல்டர் எல்லாம் போய் ஒரே குப்பையா வரலாம், எஸ்எஸ்டியா (சுத்துற தட்டு இல்லாத புது வகை ட்ரைவ்) இருந்தா அதுவும் வராம போகலாம்.

ஏன் படிக்கத் தெரியல?

ஹார்ட் டிஸ்க்குல டேட்டா சும்மா வரிசையா ஒண்ணுகளும் பூஜ்யங்களுமா கிடக்குது. எந்த ஃபைல் எங்க ஆரம்பிக்குது, எவ்வளவு நீளம், அதோட பேரு என்ன, எந்த ஃபோல்டருக்குள்ள இருக்கு, எந்த இடமெல்லாம் இன்னும் காலின்னு குறிச்சு வெச்சிருக்குற ஒரு ஏற்பாடு வேணும்ல, அதுதான் ஃபைல் சிஸ்டம். லைப்ரரில புத்தகம் எந்த அலமாரில இருக்குன்னு எழுதி வெச்சிருக்குற பதிவேடுன்னு நெனச்சுக்கோங்க, பதிவேடு தெரியாத எழுத்துல இருந்தா புத்தகம் எல்லாம் அங்கயே இருந்தும் எடுக்க முடியாது. ஃபார்மட் பண்றதுன்னா அந்த பதிவேட்டை தூக்கிப் போட்டுட்டு புதுசா ஒண்ணு தொடங்குறது.

ஒவ்வொரு ஓஎஸ்ஸும் தனக்குன்னு ஒண்ணு வெச்சிருக்கு. விண்டோஸோடது என்டிஎஃப்எஸ், 1993-ல விண்டோஸ் என்டியோட வந்தது, இன்னைக்கு வரைக்கும் அதேதான். மேக்ல 1998-ல இருந்து ஹெச்எஃப்எஸ் ப்ளஸ், டிஸ்க்கை ஃபார்மட் பண்ண மேக்ல இருக்குற டிஸ்க் யுடிலிட்டிங்கற ஆப்ல இதுக்கு மேக் ஓஎஸ் எக்ஸ்டெண்டட்னு பேரு இருக்கும், 2017-க்கு அப்புறம் ஏபிஎஃப்எஸ். லினக்ஸ்ல பெரும்பாலும் ஈஎக்ஸ்டி4, 2008-ல இருந்து. இது தவிர யாருக்கும் தனிச் சொத்தா இல்லாத மாதிரி எல்லாரும் படிக்கிற ரெண்டு உண்டு, பழைய ஃபேட்32, கொஞ்சம் புதுசான எக்ஸ்ஃபேட். ரெண்டுமே மைக்ரோசாஃப்ட் பண்ணதுதான்.

இப்ப யாருக்கு எது படிக்கத் தெரியும்னு பாக்கலாம், மொத்த விஷயமும் இதுலதான் அடங்கியிருக்கு. விண்டோஸுக்கு என்டிஎஃப்எஸ், எக்ஸ்ஃபேட், ஃபேட்32 தெரியும், மேக்கோட ரெண்டும் தெரியாது, லினக்ஸோடதும் சொருகின உடனே தெரியாது. மேக்குக்கு தன்னோடது ரெண்டும், எக்ஸ்ஃபேட்டும், ஃபேட்32-வும் தெரியும், என்டிஎஃப்எஸ்ஸை படிக்க மட்டும் தெரியும், அதாவது ட்ரைவ் திறக்கும், ஃபைலை வெளிய காப்பி பண்ணலாம், ஆனா உள்ள ஒரு ஃபைல் கூட போட முடியாது, அழிக்கவும் முடியாது. மேக் வாங்கின பல பேர் "ட்ரைவ் லாக் ஆயிடுச்சு"ன்னு பதறுறது இதைப் பாத்துதான், லாக்கும் இல்ல ஒண்ணும் இல்ல. லினக்ஸ் இந்த விஷயத்துல ரொம்ப தாராளம், என்டிஎஃப்எஸ் படிக்கும் எழுதும், எக்ஸ்ஃபேட் படிக்கும் எழுதும், மேக்கோட பழைய ஹெச்எஃப்எஸ் ப்ளஸ்ஸையும் ஓரளவு படிக்கும், ஏபிஎஃப்எஸ் மட்டும் தானா வராது.

இதுல இருந்தே ஒரு முக்கியமான விஷயம் கிடைக்குது, அதை நான் அழுத்தி சொல்ல விரும்புறேன்: காப்பி பண்ற வேலையை எந்த ஓஎஸ்ல உக்காந்து பண்றோங்கறது ரொம்ப முக்கியம். எடுக்குற ட்ரைவ், போடுற ட்ரைவ் ரெண்டையும் புரிஞ்சுக்குற ஓஎஸ்ல உக்காந்துதான் பண்ணணும். மேக்ல இருந்து விண்டோஸுக்கு போறீங்கன்னா, பழைய மேக் கையில இருக்கும்போதே அதுல உக்காந்து ஏபிஎஃப்எஸ் ட்ரைவ்ல இருக்குறதை எக்ஸ்ஃபேட் ட்ரைவுக்கு மாத்திடுங்க, மேக்கை வித்துட்டு அப்புறம் விண்டோஸ்ல உக்காந்து பாத்துக்கலாம்னு நெனச்சா அங்க காசு குடுத்து சாஃப்ட்வேர் தேடுற நிலைமைதான் வரும். லினக்ஸ்ல இருந்து வேற எதுக்கு போனாலும் இதே கதை, லினக்ஸ் இருக்கும்போதே முடிச்சிடுங்க. பழைய ஓஎஸ் உயிரோட இருக்குற வரைக்கும் இந்த வேலை சுலபம், அதை அழிச்சதுக்கு அப்புறம் ஒவ்வொண்ணும் கஷ்டம்.

விண்டோஸ்ல இருந்து லினக்ஸுக்கு போறவங்களுக்கு நல்ல செய்தி, நீங்க அவசரப்படவே வேண்டாம். உங்க என்டிஎஃப்எஸ் ட்ரைவை அப்படியே சொருகலாம், படிக்கலாம், எழுதலாம். 2021-ல வந்த 5.15 கெர்னல்ல (லினக்ஸோட மையப் பகுதி) இருந்து என்டிஎஃப்எஸ்ஸுக்குன்னு ஒரு முழு ட்ரைவர் (அதைப் படிக்க எழுத உதவுற ப்ரோக்ராம்) லினக்ஸுக்குள்ளயே இருக்கு, அதுக்கு முன்னாடியும் என்டிஎஃப்எஸ்-3ஜின்னு ஒண்ணு பல வருஷமா வேலை பாத்துட்டுதான் இருந்துச்சு. ஆனா ஒரு கண்டிஷன், விண்டோஸ்ல இருந்து கடைசியா கழட்டும்போது ஒழுங்கா இஜெக்ட் பண்ணி கழட்டியிருக்கணும். சும்மா புடுங்கியிருந்தா என்டிஎஃப்எஸ் தன் மேலயே "சரியா மூடல"ன்னு ஒரு குறி போட்டு வெச்சுக்கும், புது லினக்ஸ் ட்ரைவர் அந்தக் குறியைப் பாத்துட்டு ட்ரைவை திறக்கவே மாட்டேன்னு சொல்லலாம். அதனால விண்டோஸை அழிக்கிறதுக்கு முன்னாடி ட்ரைவ் மேல ரைட் க்ளிக் பண்ணி ப்ராப்பர்ட்டீஸ், டூல்ஸ், அங்க எரர் செக்கிங்னு இருக்கும், அதை ஒரு தடவை ஓட்டிட்டு இஜெக்ட் பண்ணி எடுத்து வெச்சிடுங்க. அஞ்சு நிமிஷ வேலை, ஆனா அப்புறம் விண்டோஸ் கம்ப்யூட்டர் தேடி அலையுறது மிச்சம்.

அப்போ எல்லாத்தையும் எக்ஸ்ஃபேட் ஆக்கிடலாமா?

பெரும்பாலானவங்க சொல்ற பதில் இதுதான், ரெண்டு ஓஎஸ்ஸுக்கும் நடுவுல பாலமா வேணும்னா எக்ஸ்ஃபேட் போடு. சரியான பதில்தான். 2006-ல வந்தது, மேக்ல 2010-ல இருந்து ஓடுது, லினக்ஸுக்கு மட்டும் ரொம்ப நாளா சட்டச் சிக்கல் இருந்துச்சு, 2019-ல மைக்ரோசாஃப்டே அதோட விவரங்களை வெளியிட்டு லினக்ஸ்ல சேத்துக்கலாம்னு சொன்னதுக்கு அப்புறம் அதுவும் தீந்துடுச்சு, இப்ப எந்த லினக்ஸ்லயும் சொருகினா ஓடும். ஃபேட்32-ல 4 ஜிபிக்கு மேல ஒரு ஃபைல் போட முடியாதுங்கற தொல்லை உண்டு, பென் ட்ரைவ்ல இடம் நிறைய இருந்தும் படம் காப்பி ஆக மாட்டேங்குது, "ஃபைல் ரொம்ப பெருசு"ன்னு சொல்லுதுன்னா காரணம் அதுதான், எக்ஸ்ஃபேட்ல அந்தப் பிரச்சனை கிடையாது.

ஆனா எக்ஸ்ஃபேட்டை பாலமா மட்டும் வெச்சுக்கோங்க, குடியிருக்குற வீடா வெச்சுக்காதீங்கன்னு நான் சொல்லுவேன். முதல் காரணம், அதுக்கு ஜர்னலிங் கிடையாது. ஜர்னலிங்னா, ஒரு மாத்தம் பண்றதுக்கு முன்னாடி "இதைப் பண்ணப் போறேன்"னு தனியா குறிச்சு வெச்சுட்டு அப்புறம் பண்றது, நடுவுல கரண்ட் போனாலோ கேபிள் கழண்டாலோ அந்தக் குறிப்பைப் பாத்து ஃபைல் சிஸ்டம் தன்னைத்தானே சரி பண்ணிக்கும். என்டிஎஃப்எஸ், ஹெச்எஃப்எஸ் ப்ளஸ், ஈஎக்ஸ்டி4 எல்லாத்துலயும் இது இருக்கு, ஏபிஎஃப்எஸ் வேற வழில இதையே பண்ணுது. எக்ஸ்ஃபேட்ல எழுதிட்டு இருக்கும்போது கேபிள் அசைஞ்சா ஒரு ஃபோல்டரே காணாம போகலாம்.

ரெண்டாவது, இடம். விண்டோஸ்ல 32 ஜிபிக்கு மேல இருக்குற ட்ரைவை எக்ஸ்ஃபேட்டா ஃபார்மட் பண்ணா டிஃபால்ட்டா 128 கேபி 128 கேபியாதான் இடம் ஒதுக்கும். ஒரு ஃபைல் 1 கேபி இருந்தாலும் அதுக்கு 128 கேபி போயிடும், என்டிஎஃப்எஸ்ல இது வழக்கமா 4 கேபிதான். போட்டோ, வீடியோன்னா இது கண்ணுக்கே தெரியாது. ஆனா சின்னச் சின்ன ஃபைலா ஒரு லட்சம் இருக்குன்னு வைங்க, ப்ரோக்ராம் எழுதுறவங்க ஃபோல்டர்ல இதெல்லாம் சாதாரணம், 1 கேபி ஃபைல் ஒரு லட்சம்னா உண்மையான சைஸ் 100 எம்பிதான், எக்ஸ்ஃபேட்ல அது 12 ஜிபிக்கு மேல இடம் பிடிக்கும். இப்படி இருக்குற ஃபோல்டரை ஒரே ஜிப் ஃபைலா ஆக்கிட்டு காப்பி பண்ணுங்க, இடமும் மிச்சம், நேரமும் பல மடங்கு மிச்சம்.

மூணாவது, லினக்ஸ் மேக் ரெண்டுலயும் ஃபைல் ஒவ்வொண்ணுக்கும் யாரு படிக்கலாம், யாரு எழுதலாம், இது ஓட்டுற ப்ரோக்ராமான்னு பெர்மிஷன் இருக்கும், எக்ஸ்ஃபேட் அதை எல்லாம் சேமிக்காது. போட்டோவுக்கு இது தேவையே இல்ல. ஆனா லினக்ஸ்ல இருந்து லினக்ஸுக்கே போறவங்க ஹோம் ஃபோல்டரை எக்ஸ்ஃபேட் ட்ரைவ் வழியா கொண்டு போனா பெர்மிஷன் எல்லாம் கலைஞ்சு வந்து நிக்கும், அவங்க டார் ஃபைலா (பெர்மிஷனையும் சேத்து ஒரே கட்டா வெச்சுக்குற ஃபைல்) கட்டிட்டு கொண்டு போகணும், இல்லைன்னா ட்ரைவையே ஈஎக்ஸ்டி4-ஆ வெச்சுக்கணும்.

நகர்த்துற முறை

என்டிஎஃப்எஸ்ஸை அப்படியே எக்ஸ்ஃபேட்டா மாத்துறது, ஏபிஎஃப்எஸ்ஸை அப்படியே என்டிஎஃப்எஸ்ஸா மாத்துறதுன்னு நம்பிச் செய்யுற வழி எதுவும் கிடையாது, வெளிய எடுத்து, ஃபார்மட் பண்ணி, திரும்ப உள்ள போடணும். அதனால ரெண்டு ட்ரைவ் வேணும். ஒரே ட்ரைவை வெச்சுக்கிட்டு பார்ட்டிஷனை (ட்ரைவுக்குள்ள பிரிச்சு வெச்ச பகுதி) சுருக்கி, பக்கத்துல புது பார்ட்டிஷன் போட்டு, கொஞ்சம் கொஞ்சமா நகர்த்தி, மறுபடி சுருக்கின்னு ஒரு வழி இருக்கு, முடியும், ஆனா அந்த நேரம் முழுக்க உங்க ஃபைல்ஸ் ஒரே ஒரு டிஸ்க்ல, அதுவும் ஆபரேஷன் நடந்துட்டு இருக்குற டிஸ்க்ல மட்டும்தான் இருக்கு. நான் அதை யாருக்கும் சொல்ல மாட்டேன். இன்னொரு ட்ரைவ் கடன் வாங்கியாவது செய்யுங்க. எந்த நேரத்துல யாரு வந்து கேட்டாலும் உங்க ஃபைல் ஒவ்வொண்ணும் ரெண்டு இடத்துல இருக்கணும், அப்படி இல்லாத நிமிஷத்துல ஃபார்மட் பட்டன் கிட்ட கை போகக் கூடாது.

உதாரணத்துக்கு விண்டோஸ்ல இருந்து மேக்குக்கு போறீங்க, பழைய 1 டிபி ட்ரைவ் என்டிஎஃப்எஸ், புதுசா ஒரு 2 டிபி ட்ரைவ் இருக்கு. புதுசை எக்ஸ்ஃபேட்டா ஃபார்மட் பண்ணுங்க, டிஸ்க் யுடிலிட்டில பண்றதா இருந்தா முதல்ல வியூ மெனுல "எல்லா டிவைஸையும் காட்டு"ன்னு குடுத்து மேல இருக்குற முழு டிஸ்க்கை செலக்ட் பண்ணி, ஸ்கீம்னு கேக்குற இடத்துல ஜியுஐடி பார்ட்டிஷன் மேப் குடுங்க, இதை விட்டுட்டு பழைய முறையான எம்பிஆர் (மாஸ்டர் பூட் ரெக்கார்ட்) குடுத்தா 2 டிபிக்கு மேல இருக்குற ட்ரைவ்ல மீதி இடம் யூஸ் ஆகாது. அப்புறம் பழைய ட்ரைவ்ல இருந்து புதுசுக்கு காப்பி. விண்டோஸ்லயும் பண்ணலாம், மேக்லயும் பண்ணலாம், மேக்குக்கு என்டிஎஃப்எஸ் படிக்கத் தெரியும்னு மேலயே பாத்தோம்ல. சொல்லப் போனா மேக்ல பண்றது இன்னும் பத்திரம், அதால பழைய ட்ரைவ்ல எதையுமே எழுத முடியாதுங்கறதால காப்பி பண்ணும்போது தவறுதலா ஃபைல் எதுவும் அழிஞ்சு போகாது. காப்பி சரியா வந்திருக்கான்னு செக் பண்ணுங்க. பழைய ட்ரைவ் அப்படியே பேக்கப்பா கொஞ்ச காலம் இருக்கட்டும்.

காப்பி பண்ணும்போது கட் பேஸ்ட் வேண்டவே வேண்டாம், காப்பி பேஸ்ட் மட்டும். பாதில நின்னா கட் பண்ணது எது போச்சு எது நிக்குதுன்னு கணக்கு பாக்குறதுக்குள்ள தலை சுத்தும், காப்பின்னா ஒண்ணும் பிரச்சனை இல்ல, அழிச்சுட்டு திரும்ப பண்ணலாம். மொத்தத்தையும் ஒரே இழுப்பா இழுக்காம ஃபோல்டர் ஃபோல்டரா பண்ணுங்க.

நேரம் எவ்வளவு ஆகும்னு முன்னாடியே தெரிஞ்சுக்கிட்டா பாதில பொறுமை போகாது. சுத்துற ஹார்ட் டிஸ்க் செகண்டுக்கு 100 எம்பி குடுத்தா 1 டிபிக்கு 10,000 செகண்ட், கிட்டத்தட்ட மூணு மணி நேரம். அதே ட்ரைவை பழைய யுஎஸ்பி 2.0 போர்ட்ல சொருகினா நடைமுறையில செகண்டுக்கு 35 எம்பி வந்தாலே பெருசு, எட்டு மணி நேரம் ஆயிடும். அதனால லேப்டாப்ல நீல நாக்கு இருக்குற போர்ட் இருந்தா அதைத் தேடிப் பிடிங்க, அது வழக்கமா யுஎஸ்பி 3. சார்ஜரை சொருகி வைங்க, ஸ்லீப் போகாத மாதிரி செட்டிங்க்ஸ்ல மாத்துங்க, ரெண்டு ஹார்ட் டிஸ்க்கையும் பவர் இல்லாத ஒரே ஹப்ல மாட்டாதீங்க, கரண்ட் பத்தாம ஒண்ணு நடுவுல கழண்டுக்கும்.

லினக்ஸ்ல ஒரு விஷயம் புதுசா வர்றவங்களை ஏமாத்தும், காப்பி ஆகுற பட்டை சீக்கிரமே முழுசா நிரம்பிடும், ஆனா உண்மையில பாதி டேட்டா இன்னும் ரேம்லயே இருக்கும், பின்னாடி மெதுவா ட்ரைவுக்கு எழுதிட்டு இருக்கும். முடிஞ்சிடுச்சுன்னு புடுங்கிட்டா கடைசில போட்ட ஃபைல் எல்லாம் பேரு மட்டும் இருக்கும், திறந்தா ஒண்ணும் இருக்காது. இஜெக்ட் குடுத்துட்டு, இப்ப கழட்டலாம்னு அது சொல்ற வரைக்கும் காத்திருங்க, சில சமயம் அதுக்கே சில நிமிஷம் ஆகும், அது ஹேங் ஆகல, எழுதிட்டு இருக்கு.

சரியா வந்துச்சான்னு பாக்குறது

பலரும் இதை விட்டுடுறாங்க, நாலு போட்டோ திறந்து பாத்துட்டு சரின்னு பழைய ட்ரைவை ஃபார்மட் பண்ணிடுறாங்க. குறைஞ்சபட்சம் ரெண்டு பக்கமும் ஃபோல்டரோட மொத்த ஃபைல் எண்ணிக்கையும் சைஸும் பாருங்க. சைஸ் பாக்கும்போது ரெண்டு குழப்பம் வரும். விண்டோஸ் ப்ராப்பர்ட்டீஸ்ல "சைஸ்"னு ஒண்ணு, "சைஸ் ஆன் டிஸ்க்"னு ஒண்ணு இருக்கும், ரெண்டாவது மேல சொன்ன 128 கேபி கணக்கால ட்ரைவுக்கு ட்ரைவ் மாறும், அதை விட்டுட்டு முதல்ல இருக்குறதை மட்டும் பாருங்க. இன்னொண்ணு, மேக் 1 ஜிபின்னா நூறு கோடி பைட்னு கணக்கு பண்ணும், விண்டோஸ் 1024-ஐ 1024-ஆல பெருக்கிப் பெருக்கி கணக்கு பண்ணும், அதனாலதான் 1 டிபி ட்ரைவ் விண்டோஸ்ல 931 ஜிபின்னு காட்டுது. மேக்ல 500 ஜிபின்னு காட்டுன ஃபோல்டர் விண்டோஸ்ல 465-ன்னு காட்டினா எதுவும் தொலையல. பைட் கணக்கா முழு எண் இருக்கும்ல, அதை வெச்சு ஒப்பிடுங்க.

முழு நிம்மதி வேணும்னா ஃப்ரீஃபைல்சிங்க்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, மூணு ஓஎஸ்லயும் ஓடும், அதுல கம்பேர் பண்ற முறையை "ஃபைல் கன்டென்ட்"னு மாத்துனா ரெண்டு ட்ரைவ்லயும் இருக்குற ஒவ்வொரு ஃபைலையும் உள்ள திறந்து பைட் பைட்டா ஒப்பிட்டு எது வேற மாதிரி இருக்கு, எது விட்டுப்போச்சுன்னு காட்டிடும். காப்பிக்கு ஆன நேரம் இதுக்கும் ஆகும், ராத்திரி ஓட விட்டுட்டு தூங்குங்க. கமாண்ட் பழக்கம் இருக்குறவங்க ஆர்சிங்க்ங்கற காப்பி கமாண்டையே செக்சம் (ஃபைலோட உள்ளடக்கத்தை ஒப்பிடுற) ஆப்ஷனோட ஓட்டலாம்.

பேருல வர்ற சிக்கல்

காப்பி பாதில நின்னு "இந்தப் பேரு செல்லாது"ன்னு சொன்னா, லினக்ஸ் மேக் ரெண்டும் அனுமதிக்கிற சில எழுத்துகளை விண்டோஸும் எக்ஸ்ஃபேட்டும் அனுமதிக்காதுன்னு அர்த்தம். கேள்விக்குறி, கோலன், நட்சத்திரக் குறி, டபுள் கோட்ஸ், செங்குத்துக் கோடு இதெல்லாம் ஃபைல் பேருல இருக்கக் கூடாது. வெப் பக்கத்தை சேவ் பண்ணும்போது தலைப்புல இருந்த கேள்விக்குறி அப்படியே பேருல வந்திருக்கும், அந்த மாதிரிதான் பெரும்பாலும். லினக்ஸ்ல பெரிய எழுத்து சின்ன எழுத்து வேற வேற, ஒரே ஃபோல்டர்ல ஒரே இங்கிலீஷ் பேரு முதல் எழுத்து பெருசா ஒண்ணு, சின்னதா ஒண்ணு இருக்கலாம், விண்டோஸ் பக்கம் போனா ரெண்டும் ஒண்ணுன்னு நெனச்சு மேல எழுதவான்னு கேக்கும், அவசரத்துல ஆமான்னு குடுத்துடாதீங்க.

தமிழ்ல பேரு வைக்கிறவங்களுக்கு தனியா ரெண்டு விஷயம் இருக்கு. ஈஎக்ஸ்டி4-ல ஒரு ஃபைல் பேரு 255 பைட்டுக்கு மேல போகக் கூடாது. இங்கிலீஷ் எழுத்துன்னா 255 எழுத்து, தாராளம். ஆனா தமிழ்ல ஒவ்வொரு எழுத்துக் குறியும் 3 பைட், கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனியா எண்ணப்படும், ஆக மொத்தம் 85 குறிதான். "க்" அப்படின்னாலே ரெண்டு குறி, 6 பைட். விண்டோஸ்லயோ எக்ஸ்ஃபேட்லயோ 255 குறி வரைக்கும் போகலாம்கறதால, சொற்பொழிவு, பாட்டு டவுன்லோட் பண்ணும்போது முழு தலைப்பும் தமிழ்ல நீளமா வந்து உக்காந்திருக்கும், லினக்ஸுக்கு காப்பி பண்ணும்போதுதான் பேரு ரொம்ப நீளம்னு எரர் வரும். விண்டோஸ்ல இருக்கும்போதே அதெல்லாம் சுருக்கிடுங்க.

அடுத்தது கொஞ்சம் நுணுக்கமானது. "கொ", "கோ" மாதிரி எழுத்துகளை யுனிகோட்ல (கம்ப்யூட்டர் எல்லா மொழி எழுத்தையும் குறிச்சு வெச்சுக்குற முறை) ரெண்டு விதமா சேமிக்கலாம், கொம்பும் காலும் சேந்த ஒரே குறியா, இல்ல கொம்பு தனி கால் தனின்னு ரெண்டு குறியா. கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுதான். மேக்கோட பழைய ஹெச்எஃப்எஸ் ப்ளஸ் எல்லா பேரையும் பிரிச்சு ரெண்டு குறியாத்தான் வெச்சுக்கும், நாம கீபோர்ட்ல அடிக்கிறது பெரும்பாலும் சேந்த ஒரே குறி. லினக்ஸ் பைட்டை மட்டும் பாக்குறதால ரெண்டும் அதுக்கு வேற வேற பேரு. பழைய மேக் ட்ரைவ்ல இருந்து வந்த "கோவில் போட்டோ"ங்கற ஃபோல்டரை லினக்ஸ்ல தேடினா கண்ணு முன்னாடி இருந்தும் கிடைக்கலன்னு சொல்லலாம், ஒரே பேருல ரெண்டு ஃபோல்டர் பக்கத்துல பக்கத்துல நிக்கலாம். ஃபைல் எதுவும் கெடல, பேரை மட்டும் திரும்ப டைப் பண்ணி வெச்சா சரியாயிடும், நிறைய இருந்தா லினக்ஸ்ல கான்வ்எம்வின்னு ஒரு டூல் மொத்தமா மாத்தித் தரும்.

காப்பி ஆன மாதிரி இருந்து ஆகாதவை

ஒன்ட்ரைவ், ஐக்ளவுட் வெச்சிருந்தீங்கன்னா ஃபோல்டர்ல தெரியுற எல்லா ஃபைலும் உங்க கம்ப்யூட்டர்ல இருக்குன்னு நெனைக்காதீங்க. பக்கத்துல மேகம் படம் இருந்தா அது பேரு மட்டும்தான், ஃபைல் நெட்ல இருக்கு. முழுசா டவுன்லோட் ஆக விட்டுட்டு அப்புறம் காப்பி பண்ணுங்க.

மேக் போட்டோஸ் ஆப்ல இருக்குற லைப்ரரி பாக்க ஒரே ஃபைல் மாதிரி இருக்கும், உண்மையில அது ஒரு ஃபோல்டர். விண்டோஸ்க்கு கொண்டு போனா உள்ள ஒரிஜினல்ஸ்ங்கற இடத்துல படங்கள் கிடைக்கும், ஆனா பேரெல்லாம் புரியாத நம்பரும் எழுத்துமா இருக்கும், ஆல்பம், எடிட் எதுவும் வராது. மேக்ல இருக்கும்போதே ஆப்புக்குள்ள போய் எக்ஸ்போர்ட் குடுத்து எடுத்துடுங்க.

பிட்லாக்கர் (ட்ரைவை பாஸ்வேர்ட் போட்டு பூட்டுற விண்டோஸ் வசதி) போட்ட ட்ரைவ்னா 48 இலக்க ரெக்கவரி கீயை பேப்பர்ல எழுதி வைங்க, மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்ல சேவ் ஆகியிருக்கான்னும் பாருங்க. புது லினக்ஸ் பாஸ்வேர்ட் கேட்டு பிட்லாக்கர் ட்ரைவை திறந்துடும், மேக் தானா திறக்காது. மேக்குக்கு போறதா இருந்தா விண்டோஸ்லயே பிட்லாக்கரை ஆஃப் பண்ணிடுங்க, அது முழுசா முடியுற வரைக்கும் ட்ரைவை கழட்டக் கூடாது, பெரிய ட்ரைவ்னா மணிக்கணக்கா ஆகும்.

ரெண்டு கம்ப்யூட்டரும் ஒரே நேரத்துல கையில இருந்தா ட்ரைவே இல்லாம வைஃபைலயோ லேன் கேபிள்லயோ அனுப்பிடலாம், அப்ப ஃபைல் சிஸ்டம் பத்தின கவலையே கிடையாது, ஏன்னா ஒவ்வொரு ஓஎஸ்ஸும் தன்னோட டிஸ்க்கை தானே படிச்சு தானே எழுதிக்கும். லோக்கல்சென்ட்னு ஒரு இலவச ஆப் எல்லாத்துலயும் ஓடுது. சில ஜிபிக்கு ரொம்ப வசதி, டிபி கணக்குன்னா ட்ரைவ்தான்.

கடைசியா புது ஓஎஸ் இன்ஸ்டால் பண்ற நாள். எக்ஸ்டர்னல் ட்ரைவ் எல்லாத்தையும் கழட்டி வேற ரூம்ல வெச்சுட்டு உக்காருங்க, இன்ஸ்டாலர் இருக்குற பென் ட்ரைவ் மட்டும் சொருகியிருக்கட்டும். "எந்த டிஸ்க்கை அழிக்கட்டும்?"னு லினக்ஸ் இன்ஸ்டாலர் கேக்கும்போது ட்ரைவோட பேரெல்லாம் வெறும் எழுத்தும் நம்பருமாதான் காட்டும், ரெண்டு 1 டிபி ட்ரைவ் இருந்தா எது எதுன்னு கண்டுபிடிக்கிறது கஷ்டம். இன்ஸ்டால் முடிஞ்சு, புது ஓஎஸ்ல ட்ரைவ் திறந்து, வீடியோ ஓடி, எல்லாம் சரின்னு ஒரு மாசம் யூஸ் பண்ணதுக்கு அப்புறம், இனிமே இந்த ஓஎஸ்தான்னு உறுதியாயிட்டா பழைய ட்ரைவை அந்த ஓஎஸ்ஸோட சொந்த ஃபார்மட்டுக்கு மாத்திக்கோங்க, லினக்ஸ்னா ஈஎக்ஸ்டி4, மேக்னா எஸ்எஸ்டிக்கு ஏபிஎஃப்எஸ், சுத்துற ஹார்ட் டிஸ்க்குக்கு மேக் ஓஎஸ் எக்ஸ்டெண்டடே நல்லா ஓடும். மேக்ல எழுதுன எக்ஸ்ஃபேட் ட்ரைவை வேற ஓஎஸ்ல திறக்கும்போது ஒவ்வொரு ஃபைலுக்கும் ஜோடியா புள்ளியும் அடிக்கோடும் வெச்சு தொடங்குற குட்டி ஃபைல் ஒண்ணு தெரியும், அது மேக் தன்னோட கூடுதல் தகவலை வெச்சுக்குற இடம், இனிமே மேக் பக்கம் போகப் போறதில்லைன்னா அதை எல்லாம் தாராளமா அழிச்சிடலாம்.